எண்சுவடியும் கணிதக் கற்பித்தலும்: மனப்பாடம் – புரிதல் முரண் குறித்த மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

திண்ணைப் பள்ளிகளில் பயிலப்பட்ட எண்சுவடி, பொருளறியா மனப்பாடத்தின் அடையாளமாகவோ முன்னோர் நுண்ணறிவின் அடையாளமாகவோ பேசப்பட்டு வருகிறது. இவ்விரு நோக்குகளும், அந்நூல் குழந்தைக்குக் கணிதத்தை எவ்வாறு கற்பித்தது என்னும் வினாவைக் கடந்து செல்கின்றன. கீழ்வாய் இலக்கப் பெயர்களின் அமைப்பு, அளவைகளோடு அவை கொண்ட உறவு, அவற்றின் கணித எல்லை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பயன்படும் களத்தை இழக்கும்போதே மனப்பாடம் புரிதலுக்குப் பகையாகிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: எண்சுவடி, கீழ்வாய் இலக்கம், திண்ணைப் பள்ளி, பின்னம், வாய்பாடு, கணிதக் கல்வி.

முன்னுரை

கணிதக் கல்வி குறித்த இன்றைய விவாதங்களில் மனப்பாடமும் புரிதலும் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்திற்காக ஆர். இராமானுஜம் தலைமையில் அமைந்த கணிதக் கற்பித்தல் குழு, எண்ணும் கணக்கும் சார்ந்த திறன்களைத் தருவதைக் குறுகிய நோக்கம் என்றும், குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதை உயர்ந்த நோக்கம் என்றும் வேறுபடுத்தியது. தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றலும், 2022இல் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டமும் பொருள்களைக் கையாண்டு கற்பதற்கு இடமளித்தன. ஆயினும் வாய்பாடு ஒப்பித்தல் வீட்டிலும் வகுப்பிலும் நீடிக்கிறது. இம்முரணை ஆராய்வதற்குத் தமிழின் பழைய கணிதப் பாடநூலான எண்சுவடி தக்க சான்றாகும்.

இரு நோக்குகளின் குறை

காலனியக் காலக் கல்விப் பார்வை, திண்ணைப் பள்ளியைப் பொருளறியாது ஒப்பிக்கும் இடமாகவே பெரிதும் கண்டது. இதற்கு மறுமொழியாக எழுந்த பெருமித நோக்கு, 1/320ஐக் குறிக்கும் முந்திரி போன்ற சிறு பின்னங்களுக்குத் தமிழில் பெயருண்டு என்பதைச் சுட்டுவதோடு நின்றுவிடுகிறது. முன்னது கற்ற குழந்தையைக் காணவில்லை, பின்னதும் காணவில்லை. செந்தில் பாபுவின் ஆய்வுகளே இந்நிலையை மாற்றின. திண்ணைப் பள்ளியில் நினைவாற்றல் கற்றலுக்குத் துணைக்கருவியாக மட்டும் அமையாமல் கற்கும் முறையாகவே அமைந்தது என்பது அவர் முன்வைக்கும் கருத்து. தென்னிந்தியாவில் எண்ணும் அளவையும் சமூகத்தோடு கொண்ட உறவை விரித்துரைக்கும் அவரது ஆங்கில நூல் 2022இல் வெளிவந்தது. வரலாற்று நோக்கில் நிறுவப்பட்ட இக்கருத்தைக் கற்பித்தல் நோக்கில் சோதித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

பெயரே பாடமாதல்

எண்சுவடியின் கீழ்வாய் இலக்கங்கள் தனித்தனிச் சொற்களின் பட்டியல் அல்ல. காணி 1/80, மூன்று காணி முக்காணி, அதாவது 3/80. மா 1/20, மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி, அதாவது 1/16. காலில் பாதி அரைக்கால், அதாவது 1/8. முதற்பெயரில் எண்ணுதலும், இரண்டாவதில் கூட்டலும், மூன்றாவதில் பெருக்கலும் அடங்கியுள்ளன. அரைக்கால் என்பதும் அரையே அரைக்கால் என்பதும் வேறு வேறு, பின்னது 5/8. ஓர் ஏகாரம் கூட்டலைக் குறித்துவிடுகிறது. ‘முக்காலே மூணு வீசம்’ என்று இன்றும் பேச்சில் வழங்கும் தொடர் 15/16 என்னும் துல்லியமான எண்ணே. ஒன்றை எட்ட ஒரு வீசமே குறைவாதலால், அது ‘ஏறத்தாழ முழுவதும்’ என்னும் பொருளைப் பெற்றது.

இன்றைய வகுப்பில் பின்னம் பெரும்பாலும் கோட்டின் மேலும் கீழும் எழுதப்படும் இரண்டு முழு எண்களாக அறிமுகமாகிறது. நான்கு இரண்டைவிடப் பெரிதாதலால் 1/4 என்பது 1/2ஐவிடப் பெரிது எனக் குழந்தைகள் கருதுவது ஆசிரியர் பலரும் அறிந்த பிழை. கால், அரை என்னும் சொற்களில் அப்பிழைக்கு வழியில்லை. அங்கே பின்னம் ஒரே அளவாக, ஒரே பெயரோடு நிற்கிறது. ஆகவே கீழ்வாய் இலக்கத்தை மனத்தில் இருத்திய குழந்தை வெற்றொலியை மட்டும் இருத்தவில்லை. ஓர் உறவமைப்பையும் உடன் இருத்தியது.

அளவையும் களமும்

இவ்வுறவமைப்புக்கு உயிரளித்தது அளவை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. எண்சுவடியோடு பயிலப்பட்ட நெல்லிலக்கம் இவ்வரிசையைச் சார்ந்தது. நிலப்பரப்புக் கணக்கிற்குக் குழிமாற்று உதவியது. வாயால் சொன்னதைக் களத்திலும் கடையிலும் சரிபார்க்க முடிந்தது.

பதினாறு அணா கொண்ட ரூபாயில் ஓர் அணா ஒரு வீசம். அரையே அரைக்கால் ரூபாய் பத்து அணா. 1957 ஏப்ரல் 1 அன்று நூறு நயா பைசா கொண்ட ரூபாய் நடைமுறைக்கு வந்தது. மெட்ரிக் அளவைகளும் தொடர்ந்தன. அம்மாற்றம் தேவையானதே. ஆனால் வீசத்தின் களம் அதனால் மறைந்தது. எஞ்சியது முழு எண் வாய்பாட்டின் ஒப்பித்தல் மட்டுமே. இன்று திண்ணைப் பள்ளியின் எச்சம் எனக் குறை கூறப்படுவது, அளவையை இழந்த அந்த ஒப்பித்தலே.

எண்சுவடியின் எல்லை

இம்மதிப்பீடு எண்சுவடியை மீட்டெடுக்கக் கோருவதாகாது. அதன் எல்லைகள் ஆழமானவை. முந்திரியின் அடிப்படையான 320, இரண்டு, ஐந்து ஆகிய பகாஎண்களால் மட்டுமே ஆனது. எனவே இம்முறையில் 1/3ஐத் துல்லியமாகச் சொல்ல இயலாது. முந்திரியை மீண்டும் 320 ஆகப் பகுத்துக் கீழ்முந்திரிக்குச் சென்றாலும் இயலாது. மூன்று தூணி ஒரு கலம் ஆதலால், கலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குழந்தை கையால் அளக்கலாம். அதைக் கீழ்வாய் இலக்கத்தால் எழுத முடியாது. எந்த எண்ணாலும் வகுக்கலாம் என்னும் பொதுமைக்கு இட்டுச் செல்லும் கேள்வி அங்கே எழவேண்டும். வாய்பாடு அக்கேள்வியைக் கேட்கவில்லை. விடையைத் தரும் நூலாக அது அமைந்ததே தவிர, ‘ஏன்’ என்பதற்கு அதில் இடமில்லை.

சமூக எல்லையும் உண்டு. தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கல்விக் கணக்கெடுப்பு, மாணவரைச் சாதிவாரியாகவும் பால்வாரியாகவும் பதிவு செய்தது. பெண்கள் மிகச் சிலரே பயின்றதை அப்பதிவுகள் காட்டுகின்றன. ஒடுக்கப்பட்ட சாதியினர் பெரும்பாலும் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். நெல்லை விளைவித்த கைகள் பலவற்றிற்கு நெல்லிலக்கம் கற்பிக்கப்படவில்லை.

முடிவுரை

எண்சுவடி குறித்த மறுவாசிப்பு, மனப்பாடமா புரிதலா என்னும் வினாவே பிழையாக அமைந்தது எனக் காட்டுகிறது. மனத்தில் இருத்தப்படுவது எத்தகைய அமைப்பு, அதைச் சோதிக்கும் களம் எது, அதன் போதாமையை உணர்த்தும் கேள்வி எது என்பனவே கேட்கத்தக்கவை. குழந்தையின் பேச்சிலுள்ள அரை, கால், அரைக்கால் ஆகியவற்றிலிருந்து பின்னப் பாடம் தொடங்கலாம். ஒரு தாளைப் பாதியாக மீண்டும் மீண்டும் மடித்தால் அரை, கால், அரைக்கால், வீசம் என வரிசையாகக் கிடைக்கும். எத்தனை முறை அவ்வாறு மடித்தாலும் மூன்றில் ஒன்று கிடைக்காது. கோட்டின் மேலும் கீழும் எண் எழுதும் முறை ஏன் தேவைப்பட்டது என்பதைக் குழந்தை அவ்விடத்தில் தானே கண்டுகொள்ளும். எண்சுவடி வரை வந்து, எண்சுவடி நின்ற இடத்தைக் கடப்பதாக அப்பாடம் அமையும்.