நம்மோடு சேர்ந்து வளரும் கொள்ளைக்காரன்

சிரோடில் நாட்டின் சாலையில் ஒரு வழிப்பறிக்காரன் உங்களை மறிக்கிறான். நூறு பொற்காசை எடு, இல்லாவிட்டால் உயிரை விடு என்கிறான். அவன் உடம்பில் கிடப்பது பச்சையாக மின்னும் கண்ணாடிக் கவசம். அந்த நாட்டிலேயே விலை உயர்ந்த கவசங்களில் அது ஒன்று. மார்புத் தகட்டை மட்டும் கழற்றி விற்றாலே ஆயிரக்கணக்கில் காசு தேறும். அதை மாட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் ரோட்டோரம் நின்று, நூறு காசுக்காக உயிரைப் பணயம் வைக்கிறான் இந்தப் புண்ணியவான்.

'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையின் நான்காவது ஆட்டமான 'ஆப்ளிவியன்' 2006 மார்ச்சில் வெளிவந்தது. பெதஸ்டா நிறுவனத்தின் தயாரிப்பு. அதை ஆடியவர்கள் மத்தியில் இந்த வழிப்பறிக்காரன் ஒரு பழைய ஜோக். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் இந்த ஆட்டத்தின் அடிப்படைக் கோளாறு மொத்தமும் அந்த ஒரு ஆளுக்குள் இருக்கிறது என்றும் தோன்றும்.

விஷயம் இதுதான். ஆட்டத்தில் நீங்கள் லெவல் ஏறும்போது உலகமும் கூடவே ஏறுகிறது. ஆரம்பத்தில் காட்டில் எலியும் ஓநாயும் வரும். கொஞ்சம் வளர்ந்தால் மலைச்சிங்கம், பிறகு கரடி. தோல் சட்டை போட்டிருந்த கொள்ளைக்காரர்கள் நீங்கள் பெரிய ஆளானதும் ராஜ உடையில் வருகிறார்கள். சில எதிரிகளின் உயிர்ச்சக்தி உங்கள் லெவலோடு உச்சவரம்பே இல்லாமல் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் ஒரு பூதத்தை வெட்டி வெட்டிக் கை ஓய்ந்துவிடும், அது சாகாது. நீங்கள் பலசாலியாகிவிட்டீர்கள் என்று திரையில் ஒரு எண் சொல்கிறது. உலகத்தில் ஒன்றுகூட அதை ஒப்புக்கொள்வதில்லை.

இதை வடிவமைத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் முன்னால் நிஜமான ஒரு சிக்கல் இருந்தது. 2002-இல் வந்த முந்தைய ஆட்டமான 'மாரோவிண்ட்' பெரும்பாலும் அசையாத உலகம். தெரியாமல் தப்பான குகைக்குள் நுழைந்தால் செத்தீர்கள். மறுபக்கம், பாதி ஆட்டத்தைத் தாண்டியதும் நீங்கள் கிட்டத்தட்ட கடவுள், எதிர்க்க ஆளே இல்லை. 'ஆப்ளிவியன்' கொடுக்க நினைத்தது முழுச் சுதந்திரம். சிறையின் சாக்கடை வழியாக வெளியே வந்ததும் ஏரி, மலை, தூரத்தில் வெள்ளை மதில் எல்லாம் தெரியும். எந்தத் திசையிலும் போகலாம். எங்கு போனாலும் உங்கள் அளவுக்கான சண்டை தயாராக இருக்கும். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் அருமையான தீர்வு.

ஆனால் எங்கும் போகலாம் என்பதற்கு மதிப்பு வருவதே சில இடங்களுக்கு இப்போது போக முடியாது என்பதால்தான். ஒரு கோட்டையைப் பார்த்துப் பயந்து திரும்பி ஓடி வந்து, இருபது மணி நேர ஆட்டம் கழித்து அதே கோட்டைக்கு நிமிர்ந்து போவதில் ஒரு கதை இருக்கிறது. அதை எந்த எழுத்தாளரும் எழுதித் தர வேண்டியதில்லை. 'ஆப்ளிவியன்' அந்தக் கதையை அழித்துவிட்டது. பயப்பட இடம் இல்லாததால் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் இடம் இல்லை.

இதற்கு மேல் இன்னொரு கூத்து. ஆட்டத்தில் மொத்தம் 21 திறன்கள். அவற்றில் 7-ஐ முக்கியத் திறன்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முக்கியத் திறன்களில் மொத்தம் 10 படி ஏறியபின் கட்டிலில் படுத்துத் தூங்கினால் ஒரு லெவல் ஏறும். அப்போது வலிமை, அறிவு, தாங்குசக்தி என்று 8 பண்புகளில் மூன்றை உயர்த்திக்கொள்ளலாம். ஒரு பண்பு ஐந்து புள்ளி ஏற வேண்டுமானால் அதைச் சேர்ந்த திறன்களில் அந்த லெவலுக்குள் 10 படி ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் ஒரு புள்ளிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பண்புகளும் ஐந்தைந்து ஏற 30 படிகள் வேண்டும். முக்கியத் திறன்களில் 10 படிக்கு மேல் ஏறினால் லெவல் கைமீறிப் போய்விடும். மீதி 20 படி மற்ற திறன்களிலிருந்து வர வேண்டும். ஆக, வாள்வீரனாக வாழ ஆசைப்படுகிறவன் வாளை முக்கியத் திறனாகத் தேர்ந்தெடுக்கவே கூடாது! பேச்சுத் திறமையை முக்கியம் என்று வைத்துக்கொண்ட அப்பாவி ஊரெல்லாம் பேசிப் பேசியே லெவல் ஏறிவிடுவான். வெளியே வந்தால் கரடி நிற்கும், கையில் பலம் இருக்காது. அதனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் நோட்டுப் புத்தகத்தில் படிகளை எண்ணிக்கொண்டு ஆடினார்கள். இன்னும் சிலர் தூங்கவே இல்லை. தூங்கினால்தானே லெவல் ஏறும்? வளர்ந்துவிடுவோமோ என்று பயந்து கண் மூடாத வீரனை இந்த ஆட்டம் படைத்திருக்கிறது.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. செய்யச் செய்யத் திறன் வளரும் என்பது நல்ல யோசனை. எதிரிகள் ஆளுக்கேற்ப மாறுவது தப்பான யோசனை இல்லை. சிரமப்பட்டவருக்கு அதிகப் புள்ளி என்பதும் நியாயம். தனித்தனியே சோதித்தால் ஒவ்வொன்றும் பாஸ். சேர்த்து ஓட்டும்போதுதான் ஒன்று இன்னொன்றின் காலை வாருகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் வெறும் எண்களின் பிரச்சினை என்று ஒருவர் சொல்லலாம். அப்படியானால் இதைக் கேளுங்கள். காரோல் நகரத்தில் வேலஸ் ஓடியில் என்று ஒரு கிழவர், ஓய்வுபெற்ற காவல்வீரர். அவருடைய பண்ணையைக் கோப்ளின்கள் தாக்க வருகின்றன. மகன்கள் இருவரும் எதிர்த்து நிற்கப் போகிறார்கள். தன் உடம்பில் தெம்பில்லை, பிள்ளைகளோடு நீ போ என்று உங்களிடம் கெஞ்சுகிறார். காப்பாற்றினால் தன் பழைய வாளான 'சில்ரெண்ட்'டைத் தருகிறார். ஆட்டத்தின் மிக அழகான வாள்களில் ஒன்று.

அந்த வாளின் பலம் நீங்கள் அதை வாங்கும்போது எந்த லெவலில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சின்ன லெவலில் வாங்கினால் கடைசிவரை சின்ன வாள்தான். அதனால் அனுபவஸ்தர்கள் சொல்லும் புத்திமதி: கிழவரிடம் இப்போது போகாதே, இன்னும் வளர்ந்தபிறகு போ. நீங்கள் வரும்வரை கோப்ளின்களும் காத்திருக்கும்.

எனக்கு இந்த ஆட்டத்தின்மேல் உள்ள மிகப் பெரிய கோபம் இதுதான். எழுதியவர் ஒரு தகப்பனின் பயத்தை எழுதியிருக்கிறார். கணக்கு எழுதியவர் அந்தப் பயத்தை முதிர்வுத் தேதி உள்ள பத்திரமாக மாற்றிவிட்டார். உடனே ஓடி உதவுகிறவனுக்கு நஷ்டம், கேட்டும் கேட்காததுபோல் கடந்து போகிறவனுக்கு லாபம். வசனம் ஒன்றைச் சொல்ல, விதிகள் வேறொன்றைப் பழக்குகின்றன. நாம் பழகுவது விதிகளைத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, இதே ஆட்டத்தில்தான் ஒரு வீட்டுக்குள் விருந்தாளிகளை அடைத்துவைத்து, கொலைகாரன் நீங்கள்தான் என்று தெரியாமலே அவர்கள் உங்களிடம் சந்தேகங்களைப் பகிர்ந்துகொள்ளும் அற்புதமான குவெஸ்ட் வருகிறது. வரைந்த ஓவியத்துக்குள் ஓவியரைத் தேடிப் போகும் குவெஸ்டும் இருக்கிறது. இவை மனதில் நிற்பதற்கும் உங்கள் லெவலுக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. கணக்கு விலகி நின்ற இடங்களிலெல்லாம் இந்த ஆட்டம் மேதைகளின் வேலை. இதுவே ஒரு தீர்ப்புதான்.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. ஆஸ்குரோ என்ற புனைபெயரில் ஒருவர் உருவாக்கிய மாட், உலகத்துக்கு அதன் மேடுபள்ளங்களைத் திருப்பிக் கொடுத்தது. சில இடங்கள் உங்களை நிஜமாகவே கொன்றன, மக்கள் அதைக் கொண்டாடினார்கள். 2011-இல் வந்த 'ஸ்கைரிம்'மில் பெதஸ்டாவே அந்த எட்டுப் பண்புகளைத் தூக்கிவிட்டு, இடங்களுக்குக் குறைந்தபட்ச, அதிகபட்ச லெவல்களை வைத்தது.

2025 ஏப்ரலில் 'ஆப்ளிவியன்' புதுப்பித்த வடிவில் மறுபடி வந்தது. இப்போது லெவலுக்கு 12 புள்ளிகள், விரும்பிய பண்புகளில் போட்டுக்கொள்ளலாம். எல்லாத் திறன்களும் லெவலுக்குக் கணக்கில் சேரும். நோட்டுப் புத்தகம் தேவையில்லை. நல்ல திருத்தம்தான். ஆனால் எதிரிகள் இன்னமும் உங்களோடு சேர்ந்தே வளர்கிறார்கள். ஆட்டக்காரரை எரிச்சலூட்டிய கணக்கைச் சரிசெய்தார்கள். உலகத்தைப் பொய்யாக்கிய கணக்கைப் பழைய ஞாபகம் என்று பத்திரப்படுத்திவிட்டார்கள். புதிதாக ஆடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காரோலில் அந்தக் கிழவர் கேட்ட அன்றைக்கே போய்விடுங்கள், வாள் சின்னதாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.