கட்டடமும் வாத்தியாரும்

பள்ளிக்கூடம் எது என்று கேட்டால் சர்க்கார் ஒரு கட்டடத்தைக் காட்டும். ஊர்க்காரர் ஒரு வாத்தியாரின் பெயரைச் சொல்வார். இந்த இரண்டு பதில்களுக்கும் இடையே உள்ள தூரம் வருஷத்துக்கு வருஷம் அதிகமாகிக்கொண்டே போகிறது என்பது என் அபிப்பிராயம்.

கட்டடம் வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல நான். எங்கள் எழுத்தாளர் கூட்டத்தில் சிலருக்கு மரத்தடிப் பள்ளிக்கூடத்தின் மேல் ஒரு மோகம் உண்டு. வேப்பமர நிழல், மணலில் அகரம், கையில் பிரம்பும் நெஞ்சில் ஈரமுமாக ஒரு கிழவர். கதைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2004ஆம் வருஷம் ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டுபோனார்கள். அதற்குப் பிறகு கூரையைப் பற்றி அழகாகக் கற்பனை செய்துகொண்டிருக்க நமக்கு உரிமையில்லை. தமிழ்நாட்டு அரசு 2022ல் பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஒரு திட்டத்தை அறிவித்து, ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய்ச் செலவில் 18,000 வகுப்பறைகள் கட்டப்படும் என்று சொன்னபோது, சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

என் குறை வேறு. அறைகளை எண்ணுகிற கை ஆசிரியர்களை எண்ணும்போது ஏன் இப்படிச் சுருங்கிப்போகிறது?

2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். ஆரம்பப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று பேர். தலைக்கு முப்பது குழந்தைகள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தைகள் முப்பது முப்பதாகவா உட்கார்ந்திருக்கிறார்கள்? ஐந்து வகுப்பாக அல்லவா இருக்கிறார்கள்! ஒருவர் மூன்று வகுப்பையும் மற்றவர் இரண்டு வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் தலைமை ஆசிரியர். சாப்பாட்டுக் கணக்கு, இலவசப் பொருள் கணக்கு, கணினியில் ஏற்ற வேண்டிய விவரம் எல்லாம் அவர் தலையில். மற்றவர் பயிற்சிக்கோ பிரசவத்துக்கோ போய்விட்டால் அது ஓராசிரியர் பள்ளி. 1987ல் வந்த கரும்பலகைத் திட்டமும், குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் என்றுதான் சொல்லிற்று. இருபத்திரண்டு வருஷம் கழித்து வந்த சட்டமும் அந்த இரண்டைத் தாண்டவில்லை.

61 குழந்தைகள் உள்ள ஒரு பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடியானவன் பிழைப்புத் தேடித் திருப்பூருக்குக் குடிபோகிறான். அவன் மகளும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். ஆகஸ்டு 1ஆம் தேதிக் கணக்கில் 60 பேர்தான் இருக்கிறார்கள். அவ்வளவுதான், மூன்றாவது வாத்தியார் 'உபரி' ஆகிவிடுகிறார். வார்த்தைகளோடு பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் இந்த வார்த்தை என்னை உறுத்துகிறது. அரிசியில் உபரி உண்டு, சரி. நேற்று வரை மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்த ஒரு மனுஷி இன்றைக்கு எப்படி உபரியானாள்?

அவளை வேறு பள்ளிக்கு மாற்றுவதற்குப் 'பணி நிரவல்' என்று பெயர். நிரவுதல் என்றால் மேட்டு மண்ணை வெட்டிப் பள்ளத்தில் போடுவது. ஆள் அதிகமுள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு அனுப்புவதை யார் குறை சொல்வார்கள்? பதினைந்து குழந்தைகளுக்கு ஐந்து ஆசிரியர் கேட்கவும் எனக்கு வாய் வராது. ஆனால் ஐந்து வகுப்புக்கு மூன்று பேர் இருப்பது மேடு அல்ல, அதுவும் பள்ளந்தான். பள்ளத்தை வெட்டிப் பள்ளத்தை நிரவுகிற விவசாயியை நான் பார்த்ததில்லை.

இதற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. கட்டடம் மூலதனச் செலவு. ஒரு முறை கொடுத்தால் தீர்ந்தது. சம்பளம் வருவாய்ச் செலவு. முப்பது வருஷம் கொடுக்க வேண்டும், பிறகும் விடாது. கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. ஒரு பெண் நாலாம் வகுப்பில் தடங்கலில்லாமல் வாசிக்க ஆரம்பித்த நாளை யார் கல்லில் பொறிக்கிறார்கள்?

பெற்றோர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். இரண்டு வாத்தியார் உள்ள பள்ளியிலிருந்து கையில் கொஞ்சம் காசு உள்ளவன் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறான். எண்ணிக்கை மேலும் குறைகிறது. குறைந்த எண்ணிக்கையைக் காட்டி அடுத்த ஆசிரியரையும் எடுக்கிறார்கள். கடைசியில் காசில்லாதவன் பிள்ளையும் ஒரு புதுக் கட்டடமுமே மிஞ்சும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஆசிரியரைத் தலைக்கணக்கில் மட்டும் பார்க்காமல் வகுப்புக் கணக்கிலும் பார்க்கட்டும். ஒரே ஒரு நாள் எண்ணிக்கைக்குப் பதிலாக மூன்று வருஷச் சராசரியை எடுத்துக்கொள்ளட்டும். முப்பது குழந்தைகளுக்கு மேல் உள்ள எந்த ஆரம்பப் பள்ளியிலும் மூன்று பேருக்குக் குறையாமல் இருக்கட்டும். புது அறைக்கு அனுமதி தருகிற உத்தரவிலேயே, அந்த அறைக்குள் நின்று பாடம் நடத்தப்போவது யார் என்பதற்கும் ஒரு வரி எழுதட்டும். அந்த ஒரு வரி இல்லாத உத்தரவு பொதுப்பணித் துறைக்குப் போதுமானதாக இருக்கலாம். கல்வித் துறைக்குப் போதாது.