மெழுகும் வாய்மையும்

ஸ்காபரோவில் ஒரு நூல் விமர்சனக் கூட்டம். நம்மவர் ஒருவரின் கவிதைத் தொகுதியை 'சின்சியரான எழுத்து' என்று பாராட்டிய நண்பர், அச்சொல்லின் பிறப்பையும் விளக்கினார். பண்டைய உரோமில் சிற்பிகள் சலவைக்கல்லில் விழும் வெடிப்புகளை மெழுகால் அடைத்து விற்பார்களாம். மெழுகு பூசாத சிலைக்கு வழங்கிய இலத்தீன் பெயரே ஆங்கிலத்தில் 'சின்சியர்' ஆனதாம். எல்லோரும் தலையாட்டினோம். விமர்சனமும் அத்தோடு முடிந்தது.

கதை நல்ல கதைதான், ஆனால் உண்மையல்ல. இலத்தீனில் 'சினே' என்றால் இல்லாமல். 'சேரா' என்றால் மெழுகு. ஒலியொற்றுமையை வைத்துப் பின்வந்தோர் இரண்டையும் ஒட்டிவிட்டனர். சொல்லாராய்ச்சியாளர் பலர் ஏற்கும் விளக்கம் வேறு: ஒன்றாகவே வளர்ந்தது, அதாவது கலப்பற்றது. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் புகுந்த இச்சொல், அக்காலத்தில் மனிதருக்கு மட்டுமன்றிப் பொருட்களுக்கும் வழங்கியது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் பால்தான் 'சின்சியர்'. நமது வேதாகமம் அவ்விடத்தில் 'களங்கமில்லாத' என்கிறது. பால்காரரிடம் கேட்க வேண்டிய குணத்தை நாம் கவிஞரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கலப்பின்மைதான் அளவுகோல் என்றால் நான் தேறமாட்டேன். ஒரு காலத்தில் கனடாவில் அகதிக் கோரிக்கைகளை முடிவுசெய்தவர்கள், கோருபவரின் முகத்தைக் காணாமல் எழுத்துப்பிரதியை வைத்தே முடிவுசெய்தனர். 1985இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. ஒருவரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அவரை நேரில் கேட்கவேண்டும் என்று நீதிபதி பேர்த்தா வில்சன் எழுதினார். அதனாற்தான் என் போன்றோருக்கு ரொறொன்ரோவில் ஒரு மேசையின் முன் அமர்ந்து வாய்திறக்க வாய்த்தது. நான் சொன்னவை நடந்தவை. ஆனால் பிடிபட்ட திகதி ஞாபகத்தில் இல்லை. இல்லை என்று சொல்லப் பயந்து ஒரு திகதியைச் சொன்னேன். வெடிப்பு உண்மை, அடைத்தது மெழுகு. 'சின்சியர்' என்ற சொல்லுக்கு இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

உள்ளத்துக்கு உண்மை, வாய்க்கு வாய்மை, மெய்க்கு மெய்மை என்று நம்மிடம் ஒரு பகுப்பு உண்டு. குறளின் வாய்மை அதிகாரம் கலப்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சொன்ன சொல்லால் பிறருக்குத் தீங்கு விளைந்ததா என்றே கேட்கிறது. நன்மை தரும் பொய்யையும் வாய்மையின் பக்கம் சேர்க்கிறது. என் திகதிக்கு இது வசதியான வாதம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதே கேள்வி அந்தத் தொகுதிக்கு வசதியாக இராது.

அக்கவிதைகளில் இடம்பெயர்வின் துயரம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. கண்ணீர் கலப்பற்றது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தை அங்குலம் அங்குலமாக நினைவுகூரும் அந்நூலில் 1990 ஒக்ரோபர் இல்லை. விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் தெருக்கள் அந்த ஊரில் இருந்ததற்கான அடையாளமே இல்லை. கவிஞர் எதையும் மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. மறந்திருக்கிறார், அதுவும் மிகச் சின்சியராக. மெழுகு ஒரு பொட்டும் இல்லை. கல்லில் ஒரு துண்டையே காணோம்.

இதை அன்று கூட்டத்திலேயே கேட்டிருக்கலாம். கேள்விநேரத்தில் நான் பின்வரிசையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.