ஆயியின் வீட்டை இடித்தது யார்?

கூடுவாஞ்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு பாண்டி என்பது ஒரு வார இறுதிச் சமாச்சாரம். சனிக்கிழமை காலையில் ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் ஏறினால் செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் தாண்டி மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம். கடற்கரை, மஞ்சள் சுவர், ஒரு காபி, அப்புறம் பாரதி பூங்கா. பூங்காவின் நடுவில் இருக்கும் வெள்ளை மண்டபத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. அதன் பெயர் ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் அதே மண்டபம்தான். யார் இந்த ஆயி என்று கேட்டால் பாதிப் பேருக்குக் கதை தெரியும். யார் கட்டியது என்று கேட்டால் "நெப்போலியன்" என்பார்கள்.

நெப்போலியன்தான், ஆனால் நாம் நினைக்கும் நெப்போலியன் இல்லை. பேச்சுப்போட்டிகளில் வந்து முடியாதது எதுவுமில்லை என்று நமக்குப் புத்தி சொல்லிப் போகிறவர் பெரியப்பா. மண்டபம் தம்பி மகன் காலத்தது. மூன்றாம் நெப்போலியன். 1848இல் ஓட்டு வாங்கி ஜனாதிபதியானவர், 1851 டிசம்பரில் தன் குடியரசையே கவிழ்த்தார், அடுத்த வருடம் பேரரசராக முடி சூட்டிக்கொண்டார். 1870 செப்டம்பர் 2ஆம் தேதி செடானில் பிரஷ்யப் படையிடம் சரணடைந்தார். இரண்டே நாளில் பாரிஸில் மறுபடியும் குடியரசு. 1873இல் இங்கிலாந்தில் அகதியாகச் செத்துப்போனார். இப்படி விழுந்த ஒருவர் காலத்து மண்டபம், அவர் பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஓர் ஊரின் அரசுச் சின்னமாக நிற்கிறது.

கதை இதுதான். 16ஆம் நூற்றாண்டு. கிருஷ்ணதேவராயர் அந்த வழியாக வரும்போது மாலை நேரத்தில் விளக்கொளியில் ஜொலிக்கும் ஒரு மாளிகையைப் பார்க்கிறார். கோயில் என்று நினைத்துக் கும்பிடுகிறார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து, இடிக்கச் சொல்கிறார். என் வீட்டை நானே இடித்துக்கொள்கிறேன் என்று ஆயி அனுமதி கேட்கிறாள். இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டுகிறாள். முன்னூறு வருடம் கழித்து, பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். ஆயியின் கதை பாரிஸ் வரை போய், பேரரசர் மனம் உருகி மண்டபம் கட்டச் சொல்கிறார்.

இதை நாம் தியாகக் கதையாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். கொஞ்சம் நிதானமாக வாசித்தால், இது ஒரு தண்டனைக் கதை. கும்பிட்டது ராஜாவின் தப்பு. வீடு போனது ஆயிக்கு. "நானே இடிக்கிறேன்" என்ற ஒரு வாக்கியம்தான் தண்டனையைத் தியாகமாக மாற்றுகிறது. அந்த வாக்கியம் ஆயிக்குத் தேவைப்பட்டதைவிட கதை சொன்னவர்களுக்கு அதிகம் தேவைப்பட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது இல்லையென்றால் ராஜா கொடுங்கோலனாகிவிடுவார் இல்லையா? நம் மரபுக்கும் இது புதிதல்ல. மாதவி துறவு பூண்ட பிறகுதான் முழுசாக மதிக்கப்படுகிறாள். அவள் மகள் மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி ஊருக்குச் சோறு போட்ட பிறகுதான் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் சொல்லி அரசனிடம் கேட்க முடிகிறது. கணிகை குலத்தில் பிறந்தவள் நல்ல பெயர் வாங்க எதையாவது முழுசாக இழக்க வேண்டும். ஆயி இழந்தது வீடு.

பாண்டி போகும் அதே ரோட்டில் இதற்கு ஒரு ஜோடிக் கதை இருக்கிறது. மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினியின் ஜாகீர் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். ஏரிக்கரை அடிக்கடி உடைகிறது. அடைமழை இரவில் கரையைப் பார்க்கப் போன துரைக்கு, வில்லும் அம்புமாக இரண்டு பேர் காவல் நிற்பது தெரிகிறது. ராமனும் லட்சுமணனும். கரை உடையவில்லை. துரை தாயாருக்குச் சன்னதி கட்டிக் கொடுக்கிறார். இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் தண்ணீர், இரண்டிலும் ஓர் அந்நிய அதிகாரி, இரண்டிலும் அவர் நம் கதை முன்னால் கைகூப்புகிறார். வரி வாங்குகிறவனைப் பக்தனாக்கிக்கொள்வது தோற்ற ஊர்களின் சாமர்த்தியம். துரைக்கும் அதில் நஷ்டமில்லை. ஏரி மராமத்து செய்வது வரி வசூலுக்கு நல்லது, ராமரைப் பார்த்ததாகச் சொன்னால் ஊருக்கும் நல்லது.

பேரரசர் மனம் உருகிய இடத்துக்கு வருவோம். ஆயியின் கதை அவர் காதுக்குப் போனதாகவே வைத்துக்கொள்வோம். அப்போது அவர் பாரிஸில் என்ன செய்துகொண்டிருந்தார்? வீடுகளை இடித்துக்கொண்டிருந்தார். 1853இல் ஓஸ்மான் என்ற அதிகாரியைப் போட்டு, பழைய பாரிஸின் சந்துகளைத் தரைமட்டமாக்கி அகலமான சாலைகள் போட்டார். சாக்கடை வந்தது, பூங்கா வந்தது, 1865இல் துயி ஆற்றுப் பக்கமிருந்து நீண்ட கால்வாயில் குடிதண்ணீரும் வந்தது. நல்லதுதான். அந்தச் சந்துகளில் குடியிருந்த ஏழைகள் வாடகை கட்ட முடியாமல் நகரத்தின் விளிம்புக்குப் போனார்கள். அப்படிப்பட்டவருக்கு, வீட்டைத் தானே இடித்துக் குளம் வெட்டிய பெண்ணைவிடப் பிடித்தமான கதாநாயகி எங்கே கிடைப்பாள்? ஓஸ்மானின் பாரிஸில் ஒருத்தரும் அப்படி முன்வரவில்லை.

இன்னொன்று. 1857 தொடக்கத்தில் அவருடைய அரசு ஃப்ளாபெர் மீது வழக்குப் போட்டது. 'மதாம் பொவாரி' நாவல் ஒழுக்கத்தைக் கெடுக்கிறதாம். ஃப்ளாபெர் தப்பித்தார். அதே வருடம் ஆகஸ்டில் பொதலேர் மாட்டினார். அபராதம் போட்டார்கள், 'தீமையின் மலர்க'ளிலிருந்து ஆறு கவிதைகளை நீக்கச் சொன்னார்கள். இரண்டு வழக்கையும் நடத்தியவர் ஒரே அரசு வக்கீல், பினார். பின்னாளில் அவர் உள்துறை மந்திரியும் ஆனார். தன் ஊரில் ஒரு நாவலுக்குள் கணவனை ஏமாற்றும் மனைவியைச் சகிக்க முடியாத ஆட்சி, கடல் தாண்டி ஒரு தாசிக்கு மண்டபம் எழுப்புகிறது. ஆயி செத்து முன்னூறு வருடம் ஆகியிருந்தது என்பது வசதி.

இந்த ஆட்சியின் உண்மையான சொத்து அதை எதிர்த்தவர்களிடம்தான் சேர்ந்தது என்பது என் கட்சி. விக்தோர் யூகோ முதலில் லூயி நெப்போலியனை ஆதரித்தவர். ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு நாட்டைவிட்டு ஓடினார். 1852இலேயே 'குட்டி நெப்போலியன்' என்று ஒரு வசைநூல் எழுதினார். 1859இல் மன்னிப்பு கொடுத்தார்கள், வேண்டாமென்று கெர்ன்ஸி தீவிலேயே இருந்தார். அங்கே இருந்தபடி முடித்ததுதான் 1862இல் வந்த 'லெ மிசெராப்ள்'. பேரரசர் விழுந்த மறுநாளே பாரிஸ் திரும்பினார். அந்த நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பல வருடம் இருந்த சுத்தானந்த பாரதி. 'ஏழை படும் பாடு'. 1950இல் கே. ராம்நாத் இயக்கத்தில் நாகையா நடித்துப் படமாக வந்தது. அதில் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன் கடைசிவரை ஜாவர் சீதாராமன்தான். பேரரசருக்குப் பாண்டியில் ஒரு மண்டபம். அவர் துரத்திவிட்ட எழுத்தாளனின் ஒரு பாத்திரமோ ஒரு தமிழனின் பெயருக்குள்ளேயே குடியேறிவிட்டது. அந்த மண்டபம் நிற்கும் பூங்காவுக்கு இருக்கும் பெயரும் ஆங்கில அரசுக்குத் தப்பி 1908இல் பாண்டிக்கு வந்து பத்து வருடம் இருந்த ஒரு கவிஞனுடையது.

அதற்காக மண்டபத்தை வெறும் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஒரு தாசியின் பெயர் அரசுச் சின்னத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது, நம் ராஜாக்கள் யாரும் அதைச் செய்யவில்லை. கட்டியவன் நோக்கம் எதுவாக இருந்தாலும் பெயர் நின்றுவிட்டது. என் சிக்கல் மண்டபத்தோடு இல்லை, அந்தக் கதையை நாம் இன்னமும் சொல்லும் விதத்தோடு.

எங்கள் செங்கல்பட்டு ஏரி மாவட்டம். நந்திவரம் ஏரியைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் இன்றைய கூடுவாஞ்சேரி. 2015 மழைக்குப் பிறகு சென்னைப் புறநகரில் எல்லோருக்கும் ஏரி ஞானம் வந்துவிட்டது. நீர்நிலை காப்பாற்றப்பட வேண்டும், அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் ஆக்கிரமிப்பு அகற்றம் என்று ஜேசிபி வரும்போது முதலில் எந்த வீட்டு வாசலில் நிற்கும் என்பது நமக்குத் தெரியும். மதில் சுவரும் கேட்டும் இருக்கிற வளாகத்தின் முன்னால் அல்ல. அப்போது டீக்கடையில் யாராவது ஒருத்தர் "ஊருக்கு நல்லதுதானே, அவங்களே காலி பண்ணிட்டுப் போயிருக்கலாம்ல?" என்பார். அது ஆயி கதையின் குரல். இடிபடுகிறவரே சிரித்த முகத்தோடு கடப்பாரையை எடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற குரல்.

அடுத்த முறை பாண்டி போனால் போட்டோ எடுங்கள், வேண்டாமென்று சொல்ல மாட்டேன். வெள்ளைத் தூண்களும் வளைவுகளும் கிரேக்க, ரோமானிய பாணியில் அழகாகவே இருக்கும். அந்த அழகைப் பார்த்துக்கொண்டே, அந்த வீட்டில் விளக்கேற்றிய பெண்ணை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். ஒரு சாயங்காலம் எப்போதும் போல விளக்கேற்றியது தவிர அவள் வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை.