சுகிமோட்டோவின் வெள்ளைத் திரை

துப்பறியும் நாவலைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள். கொலை செய்தவன் யார் என்று தெரிந்துவிட்டால், அந்தப் புத்தகத்தை மறுபடி எடுக்க யாருக்கும் மனம் வராது என்று. நல்ல நாவலின் சங்கதி வேறு. கதாநாயகி ரயிலில் விழுந்து சாகப்போகிறாள் என்று தெரிந்த பிறகும் 'அன்னா கரீனினா'வைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். ரகசியம் தீர்ந்த பிறகு எது மிஞ்சுகிறதோ, அதுதான் கலை என்பது என் கட்சி.

கதைகளை நிறுக்க நான் வைத்துக்கொண்டிருக்கும் இந்தப் படிக்கல்லைப் புகைப்படத்துக்கும் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதற்கு ஹிரோஷி சுகிமோட்டோவை விடப் பொருத்தமான கலைஞர் கிடைப்பது கஷ்டம். இந்த ஜப்பானியரின் படம் ஒவ்வொன்றிலும் ஒரு யுக்தி இருக்கிறது. அதைச் சொல்லாமல் படத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

சுகிமோட்டோ 1948-ல் டோக்கியோவில் பிறந்தவர். அங்கே ரிக்யோ சர்வகலாசாலையில் படிப்பை முடித்துவிட்டு அமெரிக்காவுக்குப் போனார். லாஸ் ஏஞ்சலஸில் புகைப்படக் கலை பயின்று, 1974-ல் நியூயார்க்கில் குடியேறினார். சில காலம் பழைய ஜப்பானியக் கலைப்பொருள்களை வாங்கி விற்கும் வியாபாரமும் செய்தார். இது முக்கியமான விஷயம். பழம்பொருள் வியாபாரிக்கு ஒரு கண் உண்டு. நூற்றாண்டுகள் தேய்த்த பிறகு ஒரு பொருளில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கிற கண் அது. அந்தக் கண்ணைத்தான் அவர் காமிராவுக்குப் பின்னால் வைத்தார். காமிராவும் லேசுப்பட்டதல்ல. எட்டு அங்குலத்துக்குப் பத்து அங்குல பிலிம் போடுகிற, முக்காலியில் நிறுத்தி வைக்க வேண்டிய பெரிய பெட்டி. பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களே எடுத்தார்.

அவர் பெயரை நிலைநாட்டியவை ஸினிமாக் கொட்டகைப் படங்கள். 1970-களின் பிற்பகுதியில் அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. முழு ஸினிமா ஒன்றை ஒரே புகைப்படத்தில் பிடித்தால் என்ன கிடைக்கும்? கேள்வி எழுந்த கையோடு மனமே பதிலும் சொல்லிவிட்டதாம், ஒளிவிடும் வெண்திரைதான் கிடைக்கும் என்று. சோதித்துப் பார்க்க, நியூயார்க்கில் டிக்கெட் மலிவான ஒரு கொட்டகைக்குக் காமிராவைத் தூக்கிக்கொண்டு போனார். படம் ஆரம்பித்ததும் லென்ஸைத் திறந்தார், முடிந்ததும் மூடினார். அன்றிரவே பிலிமைக் கழுவிப் பார்த்தார். மனத்தில் கண்டது அப்படியே பிலிமிலும் இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 24 பிம்பம் வீதம் இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 பிம்பங்கள் ஓடுகின்றன. காதல், சண்டை, கண்ணீர், கல்யாணம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, கடைசியில் வெறும் வெள்ளைச் சதுரமாகிவிடுகின்றன. ஆனால் அந்த வெள்ளையின் ஒளியில் கொட்டகை தெரிகிறது. மேல்தட்டு மாடங்கள், சுவரில் சுண்ணாம்புச் சிற்பங்கள், வரிசை வரிசையாக நாற்காலிகள். ஸினிமா பார்க்கப் போகிறவன் ஒருநாளும் பார்க்காத கொட்டகை இது. பிற்பாடு திறந்தவெளிக் கொட்டகைகளையும் இதே விதமாக எடுத்தார். அவற்றில் திரைக்கு மேலே ஆகாயத்தில் விமான விளக்குகள் கோடு கிழித்துக்கொண்டு போகின்றன. கதை ஓடிய நேரத்தில் உலகமும் ஓடிக்கொண்டிருந்ததற்கு அவை சாட்சி.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில், இந்தப் படங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருந்தது. ஒருவன் எழுதி, ஒருவன் நடித்து, இன்னொருவன் வெட்டி ஒட்டிய கதையை இந்த மனிதர் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் எரித்துவிடுகிறாரே! கதை என்பது இவ்வளவுதானா? ஆனால் சுகிமோட்டோ சொல்லும் ஒரு தகவல் வழக்கை வேறு திசைக்குத் திருப்புகிறது. எல்லாப் படங்களும் ஒரே வெள்ளையைத் தருவதில்லை என்கிறார். சந்தோஷமான கதை ஓடினால் திரை பிரகாசமாக வருமாம். சோகக் கதையானால் மங்கலாக வருமாம். ஆக, கதை அழிந்து போகவில்லை. தன் குணத்தை ஒளியின் அளவாக விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் படித்த நாவலில் யார் யாருக்கு என்ன உறவு என்பது மறந்து போகிறது. ஆனால் படித்த நாட்களில் நம் வீடு எப்படித் தெரிந்தது, மனிதர்கள் எப்படித் தெரிந்தார்கள் என்பது மறப்பதில்லை. கதை திரையில் இருப்பதைவிட அதிகமாகக் கொட்டகைக்குள் இருக்கிறது. இதை எனக்கு விமரிசகர் எவரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

புகைப்படம் என்றால் ஓடுகிற காலத்தைக் கணத்தில் பிடித்து நிறுத்துவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பிரெஞ்சுக்காரரான கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1952-ல் வெளியிட்ட புத்தகத்துக்கு ஆங்கிலப் பதிப்பில் வைத்த பெயரே 'தீர்மானமான கணம்' என்ற பொருள் தரும். வேடனைப் போலக் காத்திருந்து, கணம் வந்ததும் சுடுவது அந்த மரபு. அதன் மகிமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சுகிமோட்டோ போவது எதிர்த் திசையில். அவர் காலத்தை வெட்டி எடுப்பதில்லை; பாத்திரத்தில் தண்ணீர் பிடிப்பது போல் நிரம்பும் வரை பிடிக்கிறார். 1998-ல் ஒரு மெழுகுவர்த்தி முழுவதும் எரிந்து தீரும் வரை லென்ஸைத் திறந்து வைத்து, அதன் ஆயுள் முழுவதையும் ஒரே படமாக்கினார்.

இனி படிக்கல்லுக்கு வருவோம். கொட்டகைப் படங்கள் அதில் தேறிவிடுகின்றன. யுக்தி தெரிந்த பிறகுதான் அவற்றைப் பார்க்கவே தொடங்குகிறோம். எல்லாப் படங்களையும் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

1976-ல் நியூயார்க் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் அவர் எடுத்த துருவக் கரடிப் படம் பிரசித்தமானது. பனிப்பரப்பில் கரடி ஒன்று தான் கொன்ற ஸீல் பிராணியின் மேல் நிற்கிறது. பாடம் செய்த கரடி, வர்ணம் தீட்டிய வானம். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோது அந்தப் பொம்மைக் காட்சி நிஜமாகத் தெரிந்ததாகவும், காமிராவுக்கும் ஒற்றைக் கண்தானே என்று தோன்றியதாகவும் சொல்கிறார். விஷயம் தெரிந்த பிறகும் இந்தப் படம் என்னை விடுவதில்லை. கொன்றதும் செத்ததுதான், கொல்லப்பட்டதும் செத்ததுதான் என்ற நினைப்பு வந்தபின் அந்த வெள்ளைப் பனி இன்னும் குளிர்கிறது.

ஆனால் 1999-ல் எடுத்த மெழுகு பொம்மைப் படங்களைப் பற்றி இப்படிச் சொல்ல எனக்கு மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. லண்டன் மேடம் டுஸ்ஸாட்ஸ் பொம்மைகளைக் கறுப்புப் பின்னணியில் நிறுத்தி, பழைய ஓவியர்கள் பாணியில் வெளிச்சம் போட்டு எடுத்தவை. எட்டாம் ஹென்றி ராஜாவும் ஆறு ராணிகளும் உயிரோடு வந்து உட்கார்ந்தது போல் இருக்கிறார்கள். ஹால்பைன் தீட்டிய ஓவியத்தைப் பார்த்துப் பொம்மை. பொம்மையைப் பார்த்துப் படம். ஆஹா என்று ஒரு புன்சிரிப்பு வருகிறது. அதோடு சரி. புன்சிரிப்பு அடங்கியதும் நம் எதிரே இருப்பது திறமையாக எடுத்த மெழுகுதான். துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கம் இது.

கடல் படங்கள் நேர்மாறானவை. 1980-ல் ஜமெய்க்காவில் கரீபியக் கடலை எடுத்ததிலிருந்து பல வருஷங்களாகப் பல நாடுகளின் கடல்களை எடுத்து வருகிறார். எல்லாவற்றிலும் ஒரே அமைப்பு. மேல் பாதி வானம், கீழ்ப் பாதி கடல், நட்ட நடுவே தொடுவானம். கரை இல்லை, படகு இல்லை, பறவை இல்லை. ஆதிமனிதன் பார்த்த காட்சி எதையாவது இன்றைய மனிதன் அப்படியே பார்க்க முடியுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்தவை இவை. மலைகள்கூட மாறிவிட்டன, கடல் மாறவில்லை என்பது அவர் கண்ட பதில்.

ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதானே என்று கேட்கலாம். நான் பார்த்திருப்பது புத்தகத்தில் அச்சான பிரதிகளைத்தான். நாலடிக்கு ஐந்தடிப் படத்தின் முன் நிற்பவருக்கு இன்னும் அதிகம் கிடைக்கும். ஆனாலும் பக்கத்தைப் புரட்டப் புரட்ட ஒன்று நடக்கிறது. இதில் அலை பொடிப்பொடியாக மின்னுகிறது. அடுத்ததில் பனிமூட்டம் தொடுவானத்தையே விழுங்கிவிட்டது. மூன்றாவது ராக்கடல், எது நீர் எது வானம் என்று கண் தடுமாறுகிறது. சட்டம் மாறாமல் இருப்பதால்தான் இந்தச் சிறு மாறுதல்கள் பெரிய சம்பவங்களாகின்றன. ஒரே ராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்யும் வித்வானைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே யுக்தி என்று ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. அதனால் தீர்ந்து போகவும் ஒன்றுமில்லை.

இந்தப் பொறுமை அவர் பிறவிக் குணம் போலிருக்கிறது. கியோட்டோவில் 1001 கன்னோன் சிலைகள் இருக்கும் கோயிலைப் படமெடுக்க அனுமதி வாங்க அவருக்கு ஏழு வருஷம் பிடித்தது. கன்னோன் என்பது நம் அவலோகிதேசுவரர்தான். 1995-ல் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, கோடைகால விடியல் வெளிச்சத்தில் எடுத்தார். பொன் பூசிய முகங்கள் கடல் அலை போல் வரிசை வரிசையாக வருகின்றன.

பிற்காலத்தில் அவர் பாழடைந்த கொட்டகைகளுக்குப் போனார். கூரை இடிந்து, நாற்காலிகள் சாய்ந்து கிடக்கும் இடத்தில் தாமே திரை கட்டி, தாமே தேர்ந்த படத்தை ஓட்டி, மறுபடி அதே வெள்ளையைப் பிடித்தார். முன்பு கொட்டகைக்காரன் போட்ட கதை. இப்போது இவர் போடும் கதை. 2017-ல் ஒடவாராவுக்கு அருகே ஏனோரா என்ற இடத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு கலை வளாகம் திறந்தார். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலன்று உதிக்கும் சூரியன் அங்குள்ள 70 மீட்டர் இரும்புச் சுரங்கத்தின் வழியே நேராக நுழைகிறது. சிறுவயதில் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்த கடல்தான் அவருடைய முதல் ஞாபகமாம். அந்தக் கடலும் இதே பகுதியில்தான்.

இன்னொரு குறையையும் சொல்லிவிட வேண்டும். சுகிமோட்டோ நன்றாக எழுதுகிறார். கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறார். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வியாக்கியானம். மெழுகு பொம்மைகளுக்கு அது ஊன்றுகோல். கடலுக்கு எந்த உரையும் வேண்டாம்.

ஆகையால், அவருடைய புத்தகம் கையில் கிடைத்தால் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். முதலில் ஒரு கடலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு சிறுகதை படிக்கும் நேரமாவது அதற்குக் கொடுங்கள். ஐந்து நிமிஷம் வரை ஒன்றும் இராது. அதற்குப் பிறகுதான் அலைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும்.