செம்மண் ரோட்டுக்கு ஏற்ற ஃபோர்ட்

ஃபோர்ட் மாடல் ஏ, 1930: கோலசிலாங்கூர் தோட்டப் பாதைகளில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

பழைய கார் என்றதும் மலேசியத் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மோரிஸ் மைனர்தான். தோட்டத்துக் கிராணிகளும் டிரஸ்ஸர்களும் 1950களில் ஓட்டிய வண்டி அது. அதற்கு ஒரு தலைமுறை முன்பே அமெரிக்க வண்டிகள் மலாயாவுக்கு வந்துவிட்டன. ஃபோர்ட் நிறுவனம் 1926இல் சிங்கப்பூரில் தன் மலாயாக் கிளையைத் தொடங்கியது. அமெரிக்காவில் இடப்பக்கம் ஸ்டீயரிங் வைத்து விற்ற காரை வலப்பக்க ஸ்டீயரிங்குடன் கனடாவில் தயாரித்து, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளுக்கு அனுப்பினார்கள். நான் வைத்திருக்கும் 1930ஆம் ஆண்டு மாடல் ஏ அந்த வகையைச் சேர்ந்தது. இரண்டு கதவுகள், மூடிய உடல், 19 அங்குலக் கம்பிச் சக்கரங்கள்.

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், வடக்கே கோலகுபு பாரு என்று இதை ஓட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன்: நம் வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழைய அமெரிக்க வண்டி கிடைப்பது கடினம். அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

வண்டியின் விவரம்

எஞ்சின் 3.3 லிட்டர், நான்கு சிலிண்டர். சக்தி 2,200 சுற்றில் 40 குதிரைத்திறன். மூன்று முன் கியர், ஒரு ரிவர்ஸ். எடை ஏறக்குறைய ஒரு டன். தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடைவெளி சுமார் 24 செண்டிமீட்டர். நான்கு சக்கரத்திலும் கம்பி இழுத்து இயங்கும் பிரேக். 6 வோல்ட் மின்சாரம். 1927 டிசம்பரில் அறிமுகமாகி 1932 தொடக்கம் வரை சுமார் 48 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. இவ்வளவு பெருகிய வண்டி என்பதால்தான் இன்றும் இதற்கு உதிரிபாகம் கிடைக்கிறது.

40 குதிரைத்திறன் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். பார்க்க வேண்டிய எண் இழுவிசை. அது 173 நியூட்டன் மீட்டர், அதுவும் வெறும் 1,000 சுற்றிலேயே கிடைக்கிறது. இன்றைய 1.5 லிட்டர் பெரோடுவா மைவியின் இழுவிசை 137. அதை எட்ட எஞ்சின் 4,000 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். வேகத்தில் மைவியோடு இது போட்டி போட முடியாது. ஆனால் சேற்றிலும் மேட்டிலும் அவசரப்படாமல் இழுக்கும் வேலையில் இந்த எஞ்சினுக்கு வயதே தெரியாது.

கிளப்புவதே ஒரு வேலை

சாவியை மட்டும் திருப்பினால் இது கிளம்பாது. முதலில் டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள பெட்ரோல் வால்வைத் திறக்க வேண்டும். பெட்ரோல் டாங்கி முன்கண்ணாடிக்கு அடியில், நம் முழங்காலுக்கு நேர் எதிரே இருக்கிறது. பம்பு கிடையாது; பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்குகிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே மீசை போல இரு பக்கமும் இரண்டு கைப்பிடிகள் நீட்டியிருக்கும். ஒன்று தீப்பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதை மாற்றுவது, மற்றது ஆக்சிலரேட்டரைக் கையால் திறப்பது. கிளப்பும்போது தீப்பொறிக் கைப்பிடி முழுதாக மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் பொறி முந்தி விழுந்து எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும்; ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் உடையக்கூடும்.

அடுத்து, குமிழைத் திருப்பிக் காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவைக் கூட்டி, சாவியைப் போட்டு, சோக்கை இழுத்தபடி தரையில் உள்ள ஸ்டார்ட்டரைக் காலால் மிதிக்க வேண்டும். எஞ்சின் பிடித்ததும் தீப்பொறிக் கைப்பிடியைக் கீழே இறக்கினால் கரகரப்பு அடங்கிச் சத்தம் சீராகும். சூடேறியதும் அந்த அளவைக் குறைக்க வேண்டும்.

புதிய காரிலும் இதே வேலைகள்தான் நடக்கின்றன. அங்கே ஒரு கணினி நமக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது. இங்கே காதும் கையும் செய்கின்றன. காலைக் குளிரில் எவ்வளவு சோக், நண்பகலில் எவ்வளவு, மழைக்குப் பிறகு எவ்வளவு என்று வண்டி நமக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று புத்தகத்தில் படித்தவருக்கும் இதை ஓட்டியவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

தோட்டப் பாதையில்

பெஸ்தாரி ஜெயாவுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலத்திலிருந்தே அந்தப் பக்கம் தோட்ட நாடு. அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். தார் ரோட்டை விட்டுச் செம்பனைக்குள் திரும்பினால் லாரி டயர் பதித்த ஆழமான பள்ளங்கள், நடுவே புல் மேடு, மழை பெய்தால் வழுக்கும் செம்மண். தாழ்வான புதுக் கார்களின் அடிவயிறு அங்கே உரசும். இது உரசாது. 1920களில் அமெரிக்கக் கிராமத்து ரோடுகளும் பெரும்பாலும் மண் ரோடுகள்தான். அந்த உழவர்களை நினைத்து உயரமாகக் கட்டிய வண்டி நம் செம்மண்ணில் வந்து பொருந்திவிட்டது.

ஸ்பிரிங் அமைப்பும் காரணம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மொத்தமே இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள், இரண்டும் குறுக்கே வைத்தவை. ஒரு சக்கரம் மேட்டில் ஏறி எதிர்ச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் வண்டி வளைந்து கொடுக்கும். உடம்பு குலுங்கும், அதை மறைக்க முடியாது. ஆனால் சக்கரம் தரையை விடாது. மூன்றாவது கியரிலேயே நடை வேகத்துக்குச் சற்று மேல்வரை இறங்கி, கியர் மாற்றாமல் மறுபடி இழுத்துக்கொண்டு போகலாம். முன்கண்ணாடியின் அடிப்பக்கத்தை வெளியே தள்ளித் திறந்து வைத்தால் காற்று நேராக மடிக்கு வரும். மெதுவாகப் போகும்போது செம்பனைக் குலையின் வாசனை, மழை காய்ந்த மண்ணின் வாசனை, தூரத்தில் யாரோ புல் வெட்டும் இயந்திரம் என்று எல்லாமே வண்டிக்குள் வந்து சேரும்.

கியரில் பல்லும் பல்லும் மோதாமல் சேர்க்கும் அமைப்பு இல்லை. ஆகவே கிளட்ச்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும்: ஒருமுறை நியூட்ரலுக்கு, ஒருமுறை அடுத்த கியருக்கு. கீழ் கியருக்கு இறங்கும்போது இடையில் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து எஞ்சின் வேகத்தைக் கியரின் வேகத்தோடு பொருத்த வேண்டும். சத்தமே இல்லாமல் கியர் விழும்போது வரும் நிறைவை ஆட்டோ கியரில் பழகியவர்களும் ஒருமுறை அனுபவிக்க வேண்டும்.

கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைப் பக்கம் ஏறும் ரோடு இதற்கு நல்ல தேர்வு. இரண்டாவது கியரில் சிரமமில்லாமல் ஏறும். இறங்கும்போதும் அதே இரண்டாவது கியர்தான். பிரேக்கை நம்பி இறங்கக்கூடாது.

மழை, பிரேக், இரவு

கம்பி பிரேக்கை நான்கு சக்கரத்துக்கும் சமமாகச் சரிசெய்து வைத்தால் நன்றாகவே நிற்கும். ஆனால் காலின் பலம் முழுவதும் நம்முடையது. உதவ எந்தப் பூஸ்டரும் இல்லை. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நடுவே நிறைய இடம் விட வேண்டும். அந்த இடத்தைப் பார்த்ததும் யாராவது உள்ளே நுழைவார்கள். பொறுமையாக மறுபடி இடம் விட வேண்டும்.

பிற்பகல் மழைதான் நம் ஊரில் பெரிய சோதனை. வைப்பர் எஞ்சினின் உறிஞ்சுவிசையில் ஓடுவதால், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வைப்பர் தளரும். மேற்கூரையின் நடுப்பகுதி துணி. பூச்சு சரியாக இல்லாவிட்டால் ஒழுகும். கனமழையில் ஓரமாக நிறுத்திக் காத்திருப்பது நல்லது. 6 வோல்ட் விளக்கின் வெளிச்சம் லாரிகள் ஓடும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலைக்குப் போதாது. இரவில் ஓட்ட நினைப்பவர் 12 வோல்ட்டுக்கு மாற்றி, பின்னால் பளிச்சென்று தெரியும் பிரேக் விளக்குப் பொருத்த வேண்டும். 100 கிலோமீட்டர் வேகம் வரை போகும் வண்டிதான். ஆனால் மனமும் எஞ்சினும் நிம்மதியாக இருப்பது 65க்குள். நெடுஞ்சாலை இதற்கு உரிய இடமல்ல. இருக்கை வார் இல்லாத, மடிக்கு முன்னால் பெட்ரோல் இருக்கிற வண்டி என்பதை ஓட்டுநர் எப்போதும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

வைத்துப் பராமரிக்க

அழுத்த விகிதம் 4.22தான் என்பதால் சாதாரண ரோன் 95 பெட்ரோல் தாராளம். 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் அளவில் குடிக்கும். ஆயில் பில்டர் இல்லை. அதனால் 800 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், சுமார் 4.7 லிட்டர். கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்களும் பல. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். போனட்டை இரண்டு பக்கமும் தூக்கினால் எல்லாமே கைக்கு எட்டும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு வயர்கூட இல்லை, சிறு பித்தளைப் பட்டைகள்தான். இரண்டு ஸ்பேனர், ஒரு திருப்புளி, இடைவெளி பார்க்கும் தகடு இருந்தால் பாதி வேலை முடியும்.

ரோட்டோரத்தில் நிறுத்திவிடக்கூடிய பாகம் தீப்பொறி அமைப்பில் உள்ள கண்டன்சர். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் வெயிலில் வெந்துபோகும். கூடுதலாக ஒன்று வண்டியில் எப்போதும் இருக்கட்டும். நெரிசலில் நின்றால் ரேடியேட்டர் கொதிக்கும். உள்ளே படிந்த கசடை நன்றாகச் சுத்தம் செய்து வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் கூரைச் சட்டத்தில் உள்ள மரத்தைப் பாருங்கள். ஈரமும் கரையானும் நம் ஊரில் அதைத்தான் முதலில் தின்னும். அடுத்து எஞ்சின் பேரிங். அது உருக்கி ஊற்றிய மென்மையான உலோகம். தேய்ந்திருந்தால் அடியில் தட்டும் சத்தம் கேட்கும். மறுபடி ஊற்றத் தெரிந்த கைகள் குறைவு, செலவும் அதிகம். மற்ற பாகங்கள் அமெரிக்காவில் இன்றும் புதிதாகத் தயாராகின்றன, தபாலில் வரவழைக்கலாம். நம் ஊர்ப் பட்டறைகளில் லேத் வேலை தெரிந்த பெரியவர்களைத் தேடிப் பிடித்து நட்பு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கை இந்த வண்டிக்கு வேண்டும்.

டயரில் இருப்பது யார் உழைப்பு?

இந்த வண்டி பிறந்த 1930, தோட்டத்துத் தமிழர்களுக்கு மறக்கக்கூடாத ஆண்டு. உலக ரப்பரில் பாதிக்கு மேல் அமெரிக்கா வாங்கியது. அதில் பெரும்பகுதி கார் டயருக்குப் போனது. 1925இல் அமெரிக்காவில் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு டாலரைத் தாண்டியது. 1932இல் மூன்று சென்ட் அளவுக்கு விழுந்தது. டெட்ராய்ட்டில் கார் விற்காதபோது இங்கே பால்வெட்டுக்காரரின் அடுப்பு அணைந்தது. முக்கிய மாவட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி 1930இல் 40 காசு, 32 காசு என்று வெட்டப்பட்டது. பல்லாயிரம் பேர் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அமெரிக்கக் காரும் மலாயாத் தோட்டமும் ஒரே தொழிலின் இரு முனைகள். ஒரு முனையில் இருந்தவர்கள் மறுமுனையைத் தொட்டதே இல்லை.

ரோடும் தோட்டத்துத் தமிழர்களுடையதாக இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று இது: துரையோ தோட்ட அதிகாரியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். தொழிலாளர்கள் சுடப்பட்டு மாண்டார்கள்.

புக்கிட் ரோத்தானில் ஒரு கடை முன்னால் வண்டியை நிறுத்தியிருந்தபோது, பால் வெட்டிய கையுடைய ஒரு தாத்தா கிட்டே வந்தார். “தம்பி, இது உங்க காடியா?” என்று கேட்டார். “ஆமாங்கய்யா” என்றேன். “அந்தக் காலத்துல இந்த மாதிரி வந்தா நாங்க வரப்புல இறங்கி நின்னுக்குவோம். உள்ள எப்படி இருக்கும்னு பார்த்ததே இல்ல” என்றார். கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தார், கியரைத் தொட்டார், ஹாரனை அழுத்திப் பார்த்தார். அந்த வண்டியால் நான் பெற்ற மகிழ்ச்சிகளில் அதற்கு இணை வேறில்லை.

யாருக்கு ஏற்றது?

தினமும் வேலைக்கு ஓட்ட, குடும்பத்தோடு கோலாலம்பூர் போக இது வேண்டாம். கையில் கிரீஸ் படுவதை விரும்புகிறவர், மெதுவாகப் போவதை இழப்பாக நினைக்காதவர், நிறுத்த நிழலான இடம் உள்ளவர் தயங்காமல் தேடலாம். வாங்கியபின் துணி போர்த்தி மூடி வைக்காதீர்கள். ஓடாத வண்டியில் டாங்கி துருப்பிடிக்கும், பிரேக் இறுகும். பட்டறையில் தொழில் கற்கும் நம் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தீப்பொறியையும் கார்புரேட்டரையும் கையால் சரிசெய்து பழகிய பையன் எந்த எஞ்சினைக் கண்டும் பயப்பட மாட்டான்.

ஓட்டுகிறவருக்கு என் ஒரே நிபந்தனை: தோட்டத்துக் குறுகிய பாதையில் எதிரே ஒரு சைக்கிள் வந்தால், ஒதுங்கி வழிவிட வேண்டியது இந்த வண்டிதான்.