ஈத்தீனும் எத்திலீனும் சந்திக்காத புத்தகம்

தமிழ்நாட்டுப் பாடநூலின் பத்தாம் வகுப்பு அறிவியல், தமிழ்வழிப் பதிப்பு, 2019இல் வந்த பாடத்திட்டம். அதில் 11ஆம் அலகு 'கார்பனும் அதன் சேர்மங்களும்'. கரிம வேதியியலின் பெயர்களும் வரிசைகளும் ஒரு பிள்ளைக்கு ஒழுங்காக அறிமுகமாகிற இடம் அது. அந்த ஒரு அலகைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. புத்தகத்தைத் திட்டித் தீர்க்கிற எண்ணம் இல்லை. நல்லது நிறையவே இருக்கு. ஆனால் ஒரு குறை இருக்கிறது, அது சின்னக் குறை இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெயரிடும் முறையைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கார்பனுக்கும் கார்பனுக்கும் நடுவே ஒற்றைப் பிணைப்பு என்றால் ஆல்கேன், இரட்டை என்றால் ஆல்கீன், மூன்று என்றால் ஆல்கைன். இரண்டு கார்பன் உள்ளவற்றைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன். தே, தீ, தை. ஒரே ஒரு எழுத்தில் பிணைப்பு தெரிந்துவிடுகிறது. இது தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கிற ஒரு வசதி, இதைச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியரும் உண்டு.

குறை எங்கே என்றால், அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற பொருளைப் பிள்ளையின் கையில் கொடுப்பதில்தான்.

கெங்குவார்பட்டியை எடுத்துக்கொள்வோம். வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகிற வழியில், கொடைக்கானல் மலையடிவாரத்து ஊர். இந்த வட்டாரம் முழுக்க மாந்தோப்பு. சீசன் வந்தால் பேச்சே பழுக்க வைப்பது பற்றித்தான். "கல்லு வச்ச பழமா, வைக்கோல்ல போட்ட பழமா?" என்று கேட்காமல் யாரும் வாங்குவதில்லை. கல் என்றால் கால்சியம் கார்பைடு, வெல்டிங் பட்டறையில் இருக்கிற அதே கல். ஈரம் பட்டால் அது விடுகிற வாயு அசிட்டிலீன். புத்தகத்தின் பெயரில் சொன்னால் ஈத்தைன்.

மாங்காய் பழுக்கும்போது தானாகவே விடுகிற வாயு வேறு. அது எத்திலீன், அதாவது ஈத்தீன். வைக்கோலில் போடுவதும், அரிசிப் பானைக்குள் வைத்து மூடுவதும் இந்த வாயுவைக் காயைச் சுற்றியே நிறுத்தி வைக்கத்தான். புகை போட்டு வாழைத்தாரைப் பழுக்க வைப்பதும் இதே சங்கதி, புகையில் கொஞ்சம் எத்திலீன் இருக்கிறது. ஈத்தைன் உருவத்தில் ஈத்தீனைப் போல இருப்பதால் காய் ஏமாந்து பழுக்கத் தொடங்குகிறது. ஆனால் கடையில் விற்கிற கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் மாசாகக் கலந்திருக்கும். அதனால்தான் 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் கார்பைடு வாயுவில் பழுக்க வைத்த பழத்தை விற்கத் தடை போட்டன. எத்திலீன் வாயுவுக்கோ பத்து லட்சத்தில் 100 பங்கு வரை அனுமதி உண்டு.

ஆக, தீ என்றால் அனுமதி, தை என்றால் தடை. மாம்பழக் குடோனில் ஒரு பிணைப்பு சட்டத்தையே மாற்றுகிறது. ஆல்கீனையும் ஆல்கைனையும் விளக்க இதைவிட நல்ல உதாரணம் எங்கள் பக்கத்துப் பிள்ளைக்குக் கிடைக்குமா?

வேடிக்கை என்னவென்றால், இதே புத்தகத்தில் எத்திலீன் இருக்கிறது. சில அலகுகள் தள்ளி, 'தாவர மற்றும் விலங்கு ஹார்மோன்கள்' பாடத்தில், கனியைப் பழுக்க வைக்கும் வாயு ஹார்மோனாக வருகிறது. வேதியியல் அலகில் ஈத்தீன், உயிரியல் அலகில் எத்திலீன். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்லும் ஒரு வரி 11ஆம் அலகில் என் கண்ணில் படவில்லை. பிள்ளை இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்து, தனித்தனியாக மார்க் வாங்கி, மறந்துவிடுகிறது. அறிவியலில் இந்த இரண்டும் சேர்ந்து நூறு வருசத்துக்கு மேல் ஆகிறது. 1901இல் ரஷ்யாவில் நெல்யுபோவ் என்பவர் ஆய்வுக்கூடத்தில் பட்டாணி நாற்று கோணலாக வளர்வதைப் பார்த்து, விளக்கு வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். கனியே அந்த வாயுவை உண்டாக்குகிறது என்று 1934இல் இங்கிலாந்தில் கேன் நிரூபித்தார்.

அடுத்தது ஆல்கஹால். இந்த அலகில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எத்தனால் தயாரிப்பு. கரும்பாலைக் கழிவுப்பாகை நீர்க்க வைத்து, ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விட்டு, காய்ச்சி வடித்து, 95.5 சதவீத எரிசாராயம் எடுத்து, அதில் மிச்சமிருக்கும் நீரைச் சுட்ட சுண்ணாம்பால் நீக்குவது வரை படிப்படியாகச் சொல்கிறார்கள். இங்கே வேதியியல் ஒரு வேலையாகத் தெரிகிறது. இதே நடையில் முழு அலகும் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

ஆனால் அதற்கு முன்னால் வரும் படிவரிசைப் பகுதியைப் பாருங்கள். ஒரு வரிசையில் அடுத்தடுத்த சேர்மங்களுக்கு ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான் வித்தியாசம், வேதிப் பண்புகள் ஒத்திருக்கும் என்பது விதி. விதி சரிதான். அந்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு மெத்தனாலையும் எத்தனாலையும் பார்க்கிற பிள்ளை என்ன நினைக்கும்? அண்ணன் தம்பி என்று நினைக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்கு முந்தைய வருசம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டிலும் இதே கதை.

இந்த இடத்தில் விதி பொய்யாகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பண்பு ஒத்திருப்பதால்தான் ஈரலில் உள்ள ஒரே நொதி இரண்டையும் கையில் எடுக்கிறது. எத்தனாலைக் கடைசியில் அசிட்டிக் அமிலமாக்குகிறது, உடம்பு அதைச் சமாளித்துவிடும். மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாக்குகிறது, பிறகு அது ஃபார்மிக் அமிலமாகிறது. கண் நரம்பைக் கெடுப்பதும் உயிரை எடுப்பதும் அந்த அமிலம்தான். மருத்துவமனையில் மெத்தனால் விஷத்துக்கு எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். நொதியை எத்தனால் பிடித்துக்கொண்டால் மெத்தனால் மாறாமல் வெளியேற நேரம் கிடைக்கும். விஷம், மாற்று மருந்து இரண்டும் 'வேதிப் பண்புகள் ஒத்திருக்கும்' என்ற ஒரே வரிக்குள் இருக்கின்றன. அந்த வரியை வெறும் இரண்டு மார்க் பதிலாக விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது, பலபடி. எத்தனாலை அடர் கந்தக அமிலத்தோடு 443 கெல்வினில், அதாவது 170 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் நீர் பிரிந்து ஈத்தீன் வரும் என்று இதே அலகில் ஒரு சமன்பாடு இருக்கிறது. அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தச் சமன்பாட்டின் இடது பக்கம் கரும்பு, வலது பக்கம் மளிகைக்கடை கேரிபேக் என்று சொல்லியிருக்கலாம். 1933இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஃபாசெட்டும் கிப்சனும் எத்திலீனை மிக அதிக அழுத்தத்தில் வேறொரு சோதனைக்காக வைத்தபோது, கலனுக்குள் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் பாலித்தீன். பிரேசிலில் பிராஸ்கெம் நிறுவனம் 2010 முதல் கரும்பு எத்தனாலிலிருந்தே எத்திலீன் எடுத்துப் பாலித்தீன் செய்கிறது. நம் நாட்டில் உத்தரகாண்டின் காசிப்பூரில் இந்தியா கிளைக்கால்ஸ் ஆலை கழிவுப்பாகு எத்தனாலிலிருந்து கிளைக்கால் செய்கிறது. தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கின் ஒரு மூலப்பொருள் அது.

ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில், பிளாஸ்டிக் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்து வகை கண்டுபிடிக்கும் பகுதி இருக்கிறது. உருப்படியான பகுதி. அந்த எண்களில் 1, 2, 3, 4, 6 ஆகிய ஐந்துக்குப் பின்னாலும் பெரும்பாலும் எத்திலீன் நிற்கிறது. 2ம் 4ம் நேரடியாகப் பாலித்தீன். மற்ற மூன்றும் சுற்றி வளைத்து அங்கே போய்ச் சேரும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையான பைகளில் பெரும்பகுதி, மாமரம் தன் காயைப் பழுக்க வைக்க விடுகிற வாயுவைச் சங்கிலியாகக் கோத்ததுதான். இதைக் கேட்டால் எந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காராது?

"பாடம் ஏற்கனவே நீளம், இதையெல்லாம் எங்கே சேர்ப்பது?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் புதுப் பாடம் எதுவும் கேட்கவில்லை. செய்தியில் பாதிக்கு மேல் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் புத்தகங்களிலேயே சிதறிக் கிடக்கிறது. கூட்டிச் சேர்க்க மூன்று வாக்கியம் போதும். ஈத்தீனும் உயிரியலில் வரும் எத்திலீனும் ஒன்றுதான், கார்பைடு கல் தருவது ஈத்தைன். மெத்தனாலும் எத்தனாலும் ஒரே வரிசை, ஒரே நொதி, ஆனால் ஒன்று விஷம். எத்தனாலிலிருந்து வரும் ஈத்தீனைக் கோத்தால் பாலித்தீன். கரும்பலகையில் எழுத ஐந்து நிமிடம் ஆகும்.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் பலபடிகள் முறையாக வருகின்றன, அங்கே படித்துக்கொள்ளலாம் என்றும் சொல்வார்கள். எல்லாப் பிள்ளையும் அங்கே வருவதில்லை. வணிகவியல் எடுக்கிறவர்கள் உண்டு, ஐடிஐ போகிறவர்கள் உண்டு, பத்தோடு நிறுத்திவிட்டு மாங்காய் மண்டிக்குப் போகிறவர்களும் உண்டு. மண்டிக்குப் போகிறவனுக்கு 11ஆம் அலகுதான் கடைசி கரிம வேதியியல். கல்லை வைப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ணுகிற இடத்தில் நாளைக்கு நிற்கப் போகிறவன் அவன்தான்.